தாத்தாவின் பத்மினிக்கு எதில் குரோம், எதில் வேண்டாம்

பெங்களூர் மாரத்தஹள்ளியில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. தாத்தா ஓட்டிய 1978 பிரீமியர் பத்மினியை மறுபடி ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார். இஞ்சின் வேலை முடிந்தது, பெயின்ட் பாதியில் நிற்கிறது. இப்போது பம்பர், வீல் கப், டோர் ஹேண்டில், கிரில், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இஞ்சினிலிருந்து புகையை வாங்கி சைலன்சர் பக்கம் அனுப்பும் குழாய்த்தொகுதி), சக்கரத்து நட்டு வரைக்கும் எல்லாவற்றுக்கும் குரோம் போட்டு மின்ன வைக்க ஆசை. ஒரு கடைக்காரர் நாலு நாளில் தருகிறேன் என்கிறாராம். இன்னொருவர் ஒரு மாதம் ஆகும் என்கிறார், ரேட்டும் மூன்று மடங்கு. யாரை நம்புவது, குரோமுக்குப் பதிலாக வேறு என்ன உண்டு, குரோம் ஸ்ப்ரே என்று விளம்பரம் வருகிறதே அது தேறுமா?

ஒரு மாதம் கேட்டவரிடம் பம்பரைக் கொடுங்கள் தம்பி. மேனிஃபோல்டையும் சக்கர நட்டையும் யாரிடமும் குரோமுக்குக் கொடுக்காதீர்கள். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பீன்யாவில் ஒரு முலாம் பட்டறையில் 7 வருஷம் டேங்க் பக்கத்திலேயே நின்றவன் நான், அதற்கப்புறம் இந்தப் பழைய வண்டிப் பைத்தியம் பிடித்து, கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று ஏமாந்தவனும் நான்தான்.

குரோம் என்று நாம் பார்த்து மயங்குகிற பளபளப்பில் பெரும்பங்கு அதற்கு அடியில் இருக்கும் நிக்கலுடையது. அந்த நிக்கல் கண்ணாடி மாதிரி இருப்பது அதற்கும் அடியில் பஃப் போட்ட, அதாவது சுற்றும் துணிச் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றிய, ஆளின் கைவேலை. பம்பர் மேல் இருக்கிற குரோம் படலம் கால் மைக்ரான், மிஞ்சிப் போனால் அரை மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் இது எவ்வளவு மெல்லியது என்று தெரியும். குரோம் டேங்குக்குள் பம்பர் இருக்கப்போவதே சில நிமிடங்கள்தான். அதற்குக் கீழே உள்ள நிக்கல் 25, 30 மைக்ரான் இருந்தால்தான் வெயில் மழையில் நிற்கும் பம்பர் தாங்கும். அதற்கும் கீழே செம்பு. நல்ல பட்டறையில் நிக்கலையே இரண்டு தடவையாகப் போடுவார்கள், முதலில் மங்கலாக ஒன்று, மேலே பளபளப்பாக ஒன்று. அரிப்பு ஆரம்பித்தால் மேல் நிக்கல்தான் முதலில் பலியாகும், அரிப்பு ஆழமாக இறங்காமல் பக்கவாட்டில் பரவும். இரும்புக்குப் போய்ச் சேர வருஷக்கணக்காகும்.

அப்படியானால் குரோம் எதற்கு என்றால், நிக்கல் மட்டும் இருந்தால் கொஞ்ச நாளில் மஞ்சள் தட்டி மங்கிவிடும். 1920-களின் நடுப்பகுதி வரை கார்களின் ரேடியேட்டர் எல்லாம் நிக்கல்தான், ஆள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிங்க், எல்ட்ரிஜ் என்ற இருவர் குரோம் முலாமைத் தொழிற்சாலையில் செய்யக்கூடிய விதமாகக் கொண்டுவந்த பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது. குரோம் கடினமானது, மங்காது, லேசான நீலம் கலந்த வெள்ளை தரும். ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் நிறைய, தண்ணீரைத் தடுக்காது. தடுக்க வேண்டியது நிக்கலின் வேலை.

கவரிங் வளையல் போட்ட வீட்டில் இதை விளக்கவே வேண்டாம். மேலே இருக்கிற தங்கம் கறுக்காது, ஆனால் அது தேய்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் செம்பு கையில் பச்சை ஏற்றும். பம்பரில் இன்னும் மோசம், நிக்கலில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அந்த இடத்தில் நிக்கல் தப்பித்துக்கொண்டு இரும்புதான் அரிக்கப்படும்.

என் முதல் பம்பர் அப்படித்தான் போனது. நகரின் மேற்குப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை, பெயர் வேண்டாம். ஐந்தாவது நாள் வாங்கி வந்தேன், முகம் பார்த்துச் சவரம் செய்யலாம், அப்படி இருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது கீழ் ஓரமாகக் கடுகு கொட்டின மாதிரி பழுப்புப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினேன், பூண்டுத் தோல் மாதிரி உரிந்து வந்தது. தோலுக்கு அடியில் சிவப்பே இல்லை, அதாவது செம்பு போடவே இல்லை. பழைய துருவின் மேல் லேசாக எமரி ஓட்டி, நிக்கலில் ஒரு முக்கு, குரோமில் ஒரு முக்கு. டேங்க் பக்கத்தில் 7 வருஷம் நின்ற எனக்கே அன்று அந்த மினுக்கலைப் பார்த்ததும் அறிவு வேலை செய்யவில்லை, அதனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு மாதம் எங்கே போகிறது என்று பார்ப்போம். முதலில் பழைய குரோமையும் நிக்கலையும் கழற்ற வேண்டும், குரோம் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் போய்விடும், நிக்கலுக்குக் கரண்ட்டைத் திருப்பிவிட்டுக் கந்தக அமிலத்தில் எடுப்பார்கள். அப்போதுதான் பம்பரின் உண்மையான முகம் தெரியும், பழைய டெண்ட், துருக்குழி எல்லாம். பிறகு டிங்கரிங். பெயின்ட் வேலையில் புட்டி வைத்து மறைக்கலாம், இங்கே புட்டி நடக்காது, இரும்பையே தட்டி நேராக்க வேண்டும். அப்புறம் எமரி பெல்ட், பஃப், செம்பு, செம்பின் மேல் மறுபடி பஃப். குழிகள் இருந்தால் செம்பைக் கனமாக ஏற்றித் தேய்த்து, மறுபடி ஏற்றித் தேய்த்து நிரப்புவார்கள். காமாட்சிப்பாளையா பக்கம் ஒரு பஃப் பட்டறையில் மத்தியான நேரம் போய் நின்று பாருங்கள். துணிச் சக்கரம் சுற்றுகிறது, அதில் பச்சைக் கட்டி மசாலாவை ஒரு தடவை ஒற்றுகிறார், பம்பரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து ஓரம் தேயாமல் வளைவை மட்டும் கொடுக்கிறார். கண் இமை வரைக்கும் கரி. அந்த ஆளுக்குத்தான் உங்கள் பணத்தில் பாதி போக வேண்டும். ரேட்டில் பேரம் பேசினால் முதலில் வெட்டு விழுவது அவருடைய நேரத்தில்தான்.

சரி, வாங்கும்போது எப்படிச் சோதிப்பது? பம்பரைக் கீழே வைத்து மேலே ஒரு டியூப்லைட் தெரிகிற மாதிரி நின்று மெதுவாக நடங்கள். டியூப்லைட்டின் கோடு பம்பரில் நேராக ஓட வேண்டும். எங்கே பாம்பு மாதிரி நெளிகிறதோ அங்கே டிங்கரிங் சரியில்லை. அடுத்து பம்பரின் உட்புறம், போல்ட் துளைகளின் ஓரம். குரோமுக்கு மூலை முடுக்கில் ஏறுகிற திறமை ரொம்பக் குறைவு, உட்குழிவில் நிக்கலின் லேசான மஞ்சள் தெரிவது சகஜம், அதற்குச் சண்டை போடாதீர்கள். ஆனால் நிக்கலே இல்லாமல் வெறும் இரும்பு தெரிந்தால் வாங்காதீர்கள். இன்னொரு வழி, கொடுக்கும்போதே ஒரு இரும்புப் பட்டைத் துண்டைப் பம்பரோடு சேர்த்து டேங்கில் தொங்கவிடச் சொல்லுங்கள். வந்ததும் அதன் விளிம்பை அரத்தால் சரிவாக ராவினால் சிவப்பாகச் செம்பு, அதன் மேல் வெள்ளையாக நிக்கல், இரண்டும் கோடு கோடாகத் தெரியும். இதைச் சொன்ன உடனேயே கடைக்காரர் உங்களைப் பார்க்கிற பார்வை மாறும்.

அடுத்து டோர் ஹேண்டில். இதில்தான் அதிகம் பேர் பொருளையே தொலைக்கிறார்கள். பழைய வண்டிகளின் ஹேண்டில், விளக்கு வளையம், எம்பளம் எல்லாம் பெரும்பாலும் மசாக், அதாவது அச்சில் வார்த்த துத்தநாகக் கலவை. காந்தம் ஒட்டாது, ஆனால் கையில் வைத்தால் அலுமினியத்தைவிட நன்றாகக் கனக்கும். இதை இரும்பு என்று நினைத்து ஆசிட்டில் போட்டால் பொங்கிப் பொங்கிக் கரைந்துவிடும். என் நண்பர் ஒருவரின் டெயில் லேம்ப் வளையம் ஒரு கடையில் ஆசிட் தொட்டியில் ராத்திரி முழுக்கக் கிடந்து, காலையில் கம்பி மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். சாதாரண அமிலச் செம்பு டேங்கும் மசாக்கை அரிக்கும், அதனால் முதலில் சயனைடு செம்பில் ஒரு மெல்லிய படலம் போட்டாக வேண்டும். எல்லாக் கடையிலும் அந்த டேங்க் இருக்காது. 'மசாக் செய்வீங்களா, முதல் செம்பு எந்த டேங்க்?' என்று கேளுங்கள். எல்லாம் ஒண்ணுதான் சார் என்று பதில் வந்தால் ஹேண்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மசாக்கில் ஏற்கெனவே கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியிருந்தால் உலோகமே உள்ளிருந்து அரித்திருக்கிறது என்று அர்த்தம், குழியைத் தோண்டிச் சுத்தம் செய்து குறைந்த சூட்டு சால்டரால் நிரப்பிச் செம்பு ஏற்ற வேண்டும், அது நகை வேலை. ஜே.சி. ரோட்டிலோ சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளிலோ நல்ல நிலையில் உள்ள ஹேண்டில் கிடைத்தால் அதை வாங்கிப் போடுவது புத்திசாலித்தனம்.

கிரில்லும் பீடிங்கும் (வண்டியின் ஓரங்களில் ஓடும் அலங்காரப் பட்டை) என்ன உலோகம் என்று பார்க்காமல் கொடுக்காதீர்கள். எவர்சில்வராக இருந்தால் முலாமே வேண்டாம், பஃப் போட்டாலே போதும், அது காலத்துக்கும் நிற்கும். காந்தம் ஒட்டுகிறதே, அப்போது எவர்சில்வர் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பீடிங்குக்குப் போடுகிற சில ரகங்களில் காந்தம் ஒட்டும். லேசாகச் சுரண்டிப் பார்த்து, தண்ணீர் தெளித்து இரண்டு நாள் வைத்தால் துருப்பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். அலுமினியமாக இருந்தால் பெரும்பாலும் ஆனோடைஸ் செய்ததாக இருக்கும். அதை மறுபடி ஆனோடைஸ் செய்வதுதான் முறை, அலுமினியத்தின் மேல்தோலையே கடினமான ஆக்சைடாக மாற்றுவது அது, மேலே எதையும் பூசுவதில்லை என்பதால் உரியவும் உரியாது. தகடு, உருளையில் இழுத்த பட்டைகளுக்கு அழகாக வரும். வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கான் அதிகம், சாம்பல் திட்டாக வரும், வால்வ் கவரை ஆனோடைஸ் செய்து தலையில் கைவைத்தவர்கள் உண்டு. அலுமினியத்துக்கும் குரோம் போடலாம், முதலில் ஜின்கேட் என்ற துத்தநாகப் படலம் வேண்டும், அதில் கை தவறினால் முழுசாக உரியும். அவ்வளவு தலைவலி தேவையில்லை என்பது என் கருத்து.

மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. சொரசொரப்பு, துளைகள், அதற்கு மேல் பல நூறு டிகிரி சூடு. குரோம் போட்டால் முதல் நாளே மஞ்சள், பிறகு நீலம், பிறகு உரியல். மணல் பிளாஸ்ட் செய்து 600 டிகிரி தாங்குகிற சிலிக்கோன் பெயின்ட் அடித்து, டப்பாவில் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றிப் பக்குவம் பண்ணுங்கள். கையில் காசு இருந்தால் செராமிக் கோட்டிங், அது பானட்டுக்குள் சூட்டையும் குறைக்கும். வால் பகுதியில் தெரிகிற சைலன்சர் முனை மட்டும் எவர்சில்வரில் வாங்கிப் போட்டுவிடுங்கள், தெருவில் போகிறவர் பார்ப்பது அதைத்தான்.

இனி சக்கர நட்டு, போல்ட், ஸ்பிரிங், ஸ்டியரிங் ராடு. இதில் மட்டும் கொஞ்சம் குரலை உயர்த்துகிறேன். ஆசிட்டில் கழுவும்போதும் முலாம் டேங்கிலும் ஹைட்ரஜன் உண்டாகிறது. குரோம் டேங்கில் போகிற கரண்ட்டில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவாகத்தான் குரோமாகப் படிகிறது, மீதியில் பெரும்பகுதி ஹைட்ரஜனாகக் குமிழி விடுகிறது. அதில் கொஞ்சம் இரும்புக்குள் புகுந்துவிடும். சாதாரண இரும்புக்கு அதனால் பாதகம் இல்லை. பதப்படுத்திய உறுதியான எஃகு, தலையில் 10.9, 12.9 என்று எண் அடித்த போல்ட், ஸ்பிரிங் இவையெல்லாம் அதனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். முறுக்கும்போது ஒன்றும் தெரியாது. பாரம் தாங்கிக்கொண்டே இருந்து, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் கழித்து, எந்த அறிகுறியும் இல்லாமல் பட்டென்று உடையும். தடுக்க வழி உண்டு, முலாம் போட்ட 4 மணி நேரத்துக்குள் 200 டிகிரி வாக்கில் சூட்டடுப்பில் வைத்துப் பல மணி நேரம் சுட வேண்டும். அலங்காரக் குரோம் போடுகிற கடையில் இதை யார் செய்கிறார்கள்? சாதாரண நட்டு போல்ட்டுக்கு ஜிங்க் (துத்தநாக) முலாம், அதன் மேல் மஞ்சள் பாசிவேஷன் என்ற பாதுகாப்புப் படலம் கேளுங்கள், கிலோ கணக்கில் போட்டுக் கொடுப்பார்கள். துத்தநாகம் இரும்பை முந்திக்கொண்டு தன்னை அரிக்கக் கொடுக்கும், கீறல் விழுந்தாலும் காக்கும், பம்பர் நிக்கல் செய்வதற்கு நேரெதிர். சக்கர நட்டு மின்ன வேண்டுமென்றால் மேலே குரோம் தொப்பி மாட்டுங்கள், நட்டு உட்காரும் கூம்பில் முலாம் ஏற்றினால் அது பொடிந்து நட்டு தளர வாய்ப்பு உண்டு. எண் பெரிதாக உள்ள போல்ட்டுகளைப் புதிதாகவே வாங்குங்கள்.

சக்கரத்துக்கு பவுடர் கோட்டிங். 180 முதல் 200 டிகிரியில் சுட்டு, 60-80 மைக்ரான் கனத்தில் வரும், கல்லடி தாங்கும். பாலியஸ்டர் பவுடர் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள், எபாக்சி வெயிலில் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுக்கும். நட்டு உட்காரும் இடத்தையும் ஹப்போடு ஒட்டும் முகத்தையும் டேப் ஒட்டி மறைத்துத்தான் அடிக்க வேண்டும். பழைய குரோம் மேலேயே பவுடர் அடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம், பிடிமானம் இருக்காது.

குரோம் ஸ்ப்ரே பற்றி. பள்ளிக்கூட ஆய்வகத்தில் சோதனைக்குழாயின் உள்ளே வெள்ளி நைட்ரேட்டை வைத்துக் கண்ணாடி உண்டாக்கிக் காட்டுவார்களே, அதேதான், ஸ்ப்ரே துப்பாக்கியில் அடிக்கிறார்கள், மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத வார்னிஷ். புதிதாக இருக்கும்போது அசல் குரோமை விட அழகு. ஆனால் உங்கள் கையில் படுவது வெறும் கிளியர் கோட், கல் பட்டால் பொத்தல், வெயிலில் மஞ்சள். டேஷ்போர்டு குமிழ், உள் அலங்காரம், பிளாஸ்டிக் துண்டு, இவற்றுக்குத் தாராளமாகச் செய்யலாம். பம்பருக்கு வேண்டாம். பிவிடி என்று ஒன்றும் சொல்வார்கள், வெற்றிட அறையில் ஆவியாக்கிப் படிய வைப்பது, கைக்கடிகாரத்திலும் குழாயிலும் பார்க்கிற தங்க நிறம், கறுப்பு எல்லாம் அதுதான். ரொம்பக் கடினம், ரொம்ப மெல்லிசு, கீழே இருக்கும் ஒரு கீறலைக்கூட மறைக்காது. பத்மினிக்கு அது பொருந்தாத நகை.

இன்னொன்றையும் கேட்டு வையுங்கள், டேங்க் எந்த வகை என்று. பழைய முறை ஆறு-இணைதிறன் குரோமியம், கருஞ்சிவப்பு அமிலத் திரவம், புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானது. அதன் ஆவியிலேயே வருஷக்கணக்கில் நின்ற தொழிலாளிகளுக்கு மூக்கின் நடுச்சுவரே ஓட்டையாகும், நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பெரியவருக்கு இருந்தது, அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். பீன்யாவில் போர்வெல் தண்ணீரில் குரோமியம் கலந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் தொழிற்சாலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் மலையாகக் கிடந்ததும் தெரியும். ஐரோப்பாவில் 2017 செப்டம்பருக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் இந்த அமிலத்தைப் பயன்படுத்த முடியாது, கலிஃபோர்னியா 2023-இல் அலங்காரக் குரோமுக்கு இதை நிறுத்த முடிவெடுத்து, 2027 வரை, சில நிபந்தனைகளோடு 2030 வரை, தவணை கொடுத்திருக்கிறது. மூன்று-இணைதிறன் குரோம் அவ்வளவு ஆபத்தில்லை, நிறம் மட்டும் ஒரு சாயல் இருட்டு. அதனால் முன் பம்பர் ஒரு கடை, பின் பம்பர் இன்னொரு கடை என்று கொடுத்தால் வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்தும்போது வித்தியாசம் தெரியும். எல்லாம் ஒரே கடை, ஒரே வகை. கழிவுநீர் சுத்திகரிப்பு இருக்கிறதா, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். ரேட் மூன்று மடங்கு ஆவதற்கு அதுவும் ஒரு காரணம், அந்தக் காசைக் கொடுக்க எனக்கு மனக்குறை இல்லை.

வந்த பிறகு பராமரிப்பு சுலபம். பெங்களூரில் உப்புக்காற்று இல்லை, பெசன்ட் நகரில் நிற்கிற வண்டியை விட இங்கே குரோம் ரொம்ப நாள் இருக்கும். தண்ணீர் ஊற்றித் துடைத்து மெழுகு போடுங்கள், போர்வெல் தண்ணீர் என்றால் காயவிடாமல் துடையுங்கள், இல்லையென்றால் வெள்ளைத் திட்டு உட்கார்ந்துவிடும். பித்தளைக் குத்துவிளக்கு ஞாபகத்தில் யாராவது புளியும் ஸ்கிரப்பரும் எடுத்து வந்தால் தடுத்து நிறுத்துங்கள், கால் மைக்ரானுக்கு அந்தப் பாசம் தாங்காது.

கடைசியாக, கடைக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு உருப்படியையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, எண்ணி, எண்ணிக்கையை ரசீதில் எழுதி வாங்குங்கள். பம்பர் ஓவர்ரைடரின் (பம்பர் மேல் நிமிர்ந்து நிற்கும் முட்டுத் துண்டு) போல்ட், ஹேண்டிலின் சின்ன ஸ்பிரிங், கீ ஓட்டை மூடி இதையெல்லாம் வீட்டிலேயே கழற்றி டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் வண்டியின் இடது கதவுக் கீ மூடி ஏதோ ஒரு நிக்கல் டேங்கின் அடியில் இன்னும் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.